நடுத்தர வர்க்கத்து ராக்கெட்காரர்

அமெரிக்காவில் மாதிரி ராக்கெட் விடுகிறவர்களுக்குள்ளும் வர்க்க பேதம் உண்டு. அடித்தட்டில் குழந்தைகள். ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட சின்ன மோட்டாரை அட்டைக் குழாயில் செருகி, பொத்தானை அழுத்தி, கைதட்டிச் சிரித்துவிட்டு, ஐஸ்கிரீம் தின்னப் போய்விடுவார்கள். மேல்தட்டில் 'எச்' எழுத்திலும் அதற்கு மேலும் வாழும் பெருந்தனக்காரர்கள். ராக்கெட் சங்கத்தின் சான்றிதழ், விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, ராக்கெட்டை ஏற்றிவர ஒரு டிரெய்லர் என்று எல்லா வசதியும் அவர்களிடம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இ, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துக்குள் குடித்தனம் நடத்துகிறவர்தான் நம் ஆள். அவருக்குப் பெரிய சத்தம் வேண்டும். சான்றிதழ் அலைச்சல் கூடாது. வானம் வேண்டும், அதற்கு மனுப் போட முடியாது. நடுத்தர வர்க்கத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்காது.

வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பள்ளி நாட்களில் எஸ்டஸ் கம்பெனியின் ராக்கெட்டுகளை விட்டவர். நடுவில் கல்லூரி, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று பூமியிலேயே காலம் போய்விட்டது. ஒரு நாள் மகனுக்கு வாங்கித் தருகிறேன் பேர்வழி என்று பொம்மைக் கடைக்குள் நுழைந்தார். மகன் மறு வாரமே வீடியோ விளையாட்டுக்குத் திரும்பிவிட்டான். அப்பா இன்னும் திரும்பவில்லை. இந்த ரகத்தை 'மறுபிறப்பெடுத்த ராக்கெட்காரர்' என்றே அவர்கள் வட்டாரத்தில் சொல்கிறார்கள். முற்பிறவி ஞாபகமெல்லாம் அப்படியே இருக்கிறது. முதுகுதான் ஒத்துழைப்பதில்லை.

அவரிடம் சிக்கினால் முதலில் கேட்க வேண்டியது வரலாறு. நெப்ராஸ்கா மாநிலத்து நார்ஃபோக் ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் தன் சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து முதல் மாதிரி ராக்கெட்டைச் செய்தது. ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் அதற்கு விதிமுறை வகுத்தது. 1957-இல் ராக்கெட்காரர்களின் சங்கம் பிறந்தது. வெர்ன் எஸ்டஸ் மோட்டார் செய்யும் இயந்திரம் கட்டி அதற்கு 'மேபெல்' என்று பெயர் வைத்தது. இவ்வளவையும் விருந்தில் சூப் ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அடுத்தது வழக்கு. அம்மோனியம் பெர்குளோரேட் கலந்த எரிபொருள் வெடிமருந்தா, இல்லையா என்று ராக்கெட் சங்கங்கள் இரண்டு மத்திய அரசோடு ஆண்டுக்கணக்கில் வாதாடி 2009-இல் ஜெயித்த கதை. அந்தத் தீர்ப்பை அவர் சொல்லும் மிடுக்கைப் பார்த்தால், கோர்ட்டில் வாதாடியதே அவர்தான் என்று தோன்றும்.

இனி கட்டுமானம். கிட் பெட்டியில் இருப்பது அட்டைக் குழாய், பிளைவுட் இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, பாராசூட், ஒரு விளக்கத் தாள். இறக்கையை ஒட்ட மரப்பசையே போதும். அட்டை கிழிந்தாலும் கிழியும், அந்த ஒட்டு விடாது. ஆனால் மரப்பசையை நம்பினால் அவர் நடுத்தர வர்க்கம் ஆவாரா? எப்பாக்ஸி பூசுவார். பூசிய இடம் மெலிசாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் பூசுவார். இப்போது வால் கனத்துவிட்டது. ராக்கெட் நேராகப் போக வேண்டுமானால் அதன் எடை மையம், காற்று அழுத்த மையத்துக்குக் குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால் இருக்க வேண்டும். எனவே மூக்குக்குள் எடை போடுவார். ராக்கெட் மொத்தமும் கனத்துவிட்டது. எனவே பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டாருக்கு இறக்கை தாங்குமா? எனவே இன்னும் கொஞ்சம் எப்பாக்ஸி. மாதச் சம்பளக்காரர் கார் வாங்கிய கதை மாதிரிதான் இதுவும்: ஒரு செலவு அடுத்த செலவைக் கைபிடித்து அழைத்து வரும்.

அட்டைக் குழாயில் சுருள் சுருளாக ஒரு மெல்லிய தையல் ஓடும். அதில் மக்கு பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி அடித்து அவர் மறைப்பார். ஆயிரம் அடி உயரத்தில் அந்தத் தையலை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மனைவி கேட்பார். நியாயமான கேள்வி என்பதால் பதில் வராது. சாப்பாட்டு மேசை, சமையலறைத் தராசு, நகம் தேய்க்கும் அட்டை எல்லாம் ஏற்கெனவே விண்வெளித் துறைக்கு மாற்றலாகிவிட்டன. பாராசூட் கருகாமலிருக்க அதற்குக் கீழே, மோட்டாருக்கு மேலே திணிக்கும் தீப்பிடிக்காத காகித நாருக்கு அந்த வட்டாரத்தில் 'நாய் வாந்தி' என்று பெயர். வீட்டுக்கு விருந்தாளி வந்த நேரத்தில் அதை எங்கே வைத்தாய் என்று உரக்கக் கேட்கும் துணிவு அவருக்கு உண்டு.

பறக்கவிடும் நாள். விவசாயி ஒருவரின் அறுவடை முடிந்த வயல். நம் ஆள் கையில் ஜி40-7. எழுத்து மொத்தக் கணத்தாக்கின், அதாவது விசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கியதன், அளவைச் சொல்வது. ஒவ்வொரு எழுத்தும் முந்தையதன் இரட்டிப்பு. ஏ-யின் உச்ச வரம்பைப்போல ஜி-யினுடையது 64 மடங்கு. 40 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 7 என்பது எரிபொருள் தீர்ந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும்வரை காத்திருக்கும் வினாடிகள். அந்த ஏழா, நான்கா என்பதில்தான் அவர் ராத்தூக்கம் போயிற்று. சீக்கிரம் தள்ளினால் கயிறு குழாயைக் கிழித்துவிடும். தாமதமானால் ராக்கெட் மூக்கோடு மண்ணுக்குள் இறங்கும்.

பாதுகாப்பு அதிகாரி ராக்கெட்டை வாங்கி இறக்கையை ஆட்டிப் பார்ப்பார். அசையாது, அதில்தான் அரை டப்பா எப்பாக்ஸி இருக்கிறதே. நம் ஆள் ஏவுகம்பியிலிருந்து 30 அடி விலகி நின்று, ஐந்திலிருந்து எண்ணி, பொத்தானை அழுத்துவார். ஒன்றும் நடக்காது. பற்றவைப்புக் கம்பி ஏமாற்றிவிட்டது. விதிப்படி 60 வினாடி யாரும் கிட்டே போகக் கூடாது. அந்த ஒரு நிமிடத்துக்குள் பக்கத்துக் கம்பியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கோணல் மாணலாக ஒட்டிய ராக்கெட்டை ஏ8-3 மோட்டாரில் விட்டு, அது இறங்கியதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்பாள்.

இரண்டாவது முயற்சியில் கிளம்பும். எரிவது இரண்டு மூன்று வினாடிதான். மாதக்கணக்கில் தேய்த்ததெல்லாம் அந்த வினாடிகளுக்காக. வெள்ளைப் புகையைக் கக்கி, காதைப் பிளந்து, ஆயிரம் அடியைத் தாண்டி, கச்சிதமான இடத்தில் பாராசூட் விரியும். அவருக்குக் கண் பனிக்கும். அடுத்த நொடி காற்றடிக்கும். பாராசூட் பெரிதாக இருக்கட்டும் என்று மாற்றி வைத்ததும் அவர்தான். மெதுவாக இறங்கினால் இறக்கை உடையாதாம். மெதுவாகத்தான் இறங்கும், பக்கத்து ஊரில்.

பிறகு தேடல். வாய்க்கால் தாண்டி, வேலி தாண்டி, இன்னும் அறுக்காத மக்காச்சோளக் கொல்லைக்குள் ஆளுயரப் பயிரை விலக்கிக்கொண்டு நடப்பார். மரத்தில் மாட்டியிருந்தால் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. உயரமான மரத்திலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் ராக்கெட்டை எடுக்கப் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி என்றால் அவர் தட்ட மாட்டார். வாழ்க்கையில் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையைக்கூட மதிக்காதவர், அந்த வயலில் மட்டும் ஒழுக்க சீலர். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஐம்பதுகளில் வீட்டு ரசாயனத்தைக் குழாயில் திணித்து விரலை இழந்த பையன்களைப் பார்த்துத்தான் இந்த விதிகளும் தொழிற்சாலை மோட்டாரும் வந்தன. அதை மறக்காத ஆள் அவர்.

'எச்' வகுப்புக்கு ஏறவும் அவருக்கு ஆசைதான். அதற்கு ராக்கெட் மேலே போனால் போதாது. திரும்ப விடுகிற நிலையில் அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அங்கேதான் இடிக்கிறது.

ஆகவே, இப்படி ஒருவரைச் சந்தித்தால் எவ்வளவு உயரம் போனது என்று கேட்காதீர்கள். திரும்பி வந்ததா என்று கேளுங்கள். வந்தது என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வரவில்லை என்றால் இரண்டு மணி நேரம்.