மூக்கடைப்பும் மூன்று கொட்டும்

பிளஸ் டூ வேதியியல் செய்முறைத் தேர்வன்று எனக்குக் கடுமையான ஜலதோஷம். கொடுத்த பொருளோடு எத்தனாலும் நாலு சொட்டு அடர் கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்கினேன். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. பக்கத்து மேஜைப் பையன் என் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சி முகம் மலர்ந்தான். அதைப் பார்த்து, ‘காண்பன’ என்ற கட்டத்தில் ‘பழ மணம்’ என்று எழுதிவிட்டேன். முழு மதிப்பெண்.

முகராத மணத்துக்கு வாங்கிய அந்த மார்க்கை வட்டியோடு வசூலிக்க, அது இருபத்தைந்து வருஷம் காத்திருந்தது.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து பெறுகிற இந்தப் பழ மணப் பிள்ளைகளுக்கு எஸ்டர் என்று பெயர். அதில் ஐசோஅமைல் அசிடேட் என்பவர்தான் வாழைப்பழ எசன்ஸ். மிட்டாயிலும் சென்ட்டிலும் இவருக்கு உத்தியோகம். இங்கிலாந்தில் இவரைப் பேரிக்காய் மிட்டாய் வாசனை என்பார்கள். நிஜ வாழைப்பழத்திலும் இவர் உண்டு. ஆனால் அங்கே பக்கவாத்தியம் ஏராளம். எசன்ஸில் கச்சேரி முழுக்க இவர் ஒருவரே கத்துவார்.

எங்கள் அடுக்களையில் மட்டி வாழைக் குலை தொங்கிக்கொண்டிருக்கும்போதே, கேக்குக்கு எசன்ஸ் வாங்கி வரச் சொன்னாள் மனைவி.

“குலைதான் தொங்குதே?”

“பழம் போட்டா வாசம் நிக்காது.”

பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்ததில் பாதி என் சட்டைக்குப் போயிற்று. செலவில்லாத சென்ட்தானே என்று சட்டையை மாற்றாமலே, கேக்கில் நாலு துண்டை மார்த்தாண்டம் மாமாவுக்குக் கொண்டுபோனேன்.

மாமா ரப்பர் தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருக்கிறார். பெருமையாக ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டினார். நானும் பெருமையாகக் குனிந்தேன். கழுத்தில் முதல் கொட்டு.

தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்ந்து ஒரு வாசனை வெளியேறும். ‘எதிரி இங்கே, எல்லாரும் வாங்க’ என்று அதற்கு அர்த்தம். அதில் முக்கியமான சரக்கு ஐசோஅமைல் அசிடேட்தான் என்று 1962லேயே ‘நேச்சர்’ இதழில் எழுதிவிட்டார்கள். ஆக, போர் முரசைச் சட்டைப் பையில் வைத்துக் கொட்டிக்கொண்டே நான் கோட்டைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். காதில் இரண்டாவது. மூன்றாவது எங்கே என்பது குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது.

“சட்டையக் களத்துடே!” என்று மாமா கத்தினார். கழற்றிப் போட்டுவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே வெற்று மேலோடு ஓடினேன். சட்டையைச் சுற்றி ஒரு மாநாடே கூடியிருந்தது.

திண்ணையில் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்தபடி மாமா கேட்டார்: “பழம் தின்னுட்டா வந்த? தின்னுட்டு பெட்டிகிட்ட வரப்பிடாதுண்ணு எங்க அப்பாவே சொல்லுவாரு.”

அவர் அப்பா ‘நேச்சர்’ படித்தவரில்லை. நான் முழு மார்க் வாங்கியவன் என்பதை நானும் சொல்லவில்லை.

அத்தை ஆறுதலாக ஒரு தட்டில் நாலு மட்டிப் பழம் கொண்டுவந்தாள். உள்ளே போய், ஜன்னலைச் சாத்திவிட்டுத் தின்றேன்.