தானியங்கியிலிருந்து தீவிரத்துக்கு: கோவளம் கடற்கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

எளிய கேமரா ஒன்றால் பிறந்தநாள் கேக்கையும் காதுகுத்தையும் படம் பிடித்துவந்த ஒருவர், லென்ஸ் மாற்றத்தக்க கேமராவை மாதத் தவணையில் வாங்கித் தீவிர ஒளிப்படக்காரராக மாறும் நிகழ்வு, தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் பரவலாகக் காணப்பட்டும், அறிஞர் உலகின் கவனத்தை உரிய அளவில் பெறவில்லை. பொருளியலார் இதைக் கடன் என்றும் மருத்துவர் தூக்கக் குறைவு என்றும் வகைப்படுத்தக்கூடும். குடும்பத்தார் இதற்கு வழங்கும் பெயர் ஆய்வேட்டில் அச்சேறத் தக்கதன்று. இந்த மாற்றத்தில் உண்மையில் கைமாறுவது பழி என்பதே இக்கட்டுரையின் துணிபு. எளிய கேமராவில் படம் கெட்டால் குற்றம் கேமராவைச் சேரும். விலையுயர்ந்த கேமராவில் படம் நன்றாக அமைந்தால் பெருமை கேமராவையும், கெட்டால் குற்றம் எடுத்தவரையும் சேரும். இவ்வளவு நஷ்டமான பேரத்தைத் தவணை கட்டி ஒருவர் ஏன் மேற்கொள்கிறார் என்பதே ஆராய்தற்குரியது.

ஆய்வுக் களமாகச் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாகத் தாம்பரத்தார் விடியுமுன் வந்து சேரக்கூடிய இக்கரை கிழக்கு நோக்கியது. 2021இல் தூய கடற்கரைகளுக்கான நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. படகு, வலை, அலைச்சறுக்கு, கார்மல் மாதா ஆலயம், தமீம் அன்சாரி தர்கா, மேற்கே உப்பங்கழியில் பருவகாலப் பூநாரைகள் எனத் தொடக்கநிலையாளருக்கு வேண்டிய அனைத்தும் சிறு சுற்றளவுக்குள் கிடைக்கும். 1752இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் இங்கிருந்த கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்ததை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். தகர்க்கப்பட்ட கோட்டையைப் படம் எடுக்க இயலாதாகையால் அச்செய்தியால் இவ்வாய்வுக்குப் பயனில்லை.

தீவிரத்துக்கும் சுமைக்கும் உள்ள உறவு சென்னை மாகாணத்தில் பழமையானது. அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லினேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படம் பிடிக்கக் கருவிகளை மாட்டுவண்டிகளில் ஏற்றிச் சென்றார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானாவின் நிலைக்கு இது ஆகாத ஆடம்பரம் என்று கருதி அப்பணிக்கு முற்றுப்புள்ளி வைத்தார். கேமராச் செலவுக்கு இல்லத்தில் எழும் ஆட்சேபங்களை ஆராய்வோர், அவை அரசு ஆணையின் மரபில் வந்தவை என்பதை மறத்தல் கூடாது. டிரெவெல்யனுக்கேனும் ஒரு மாகாணத்தின் வரவுசெலவு கவலையாக இருந்தது. இங்கே பள்ளிக் கட்டணம்.

தானியங்கி முறை என்பது ஒளி புகும் துளை (அப்பர்ச்சர்), ஒளி விழும் நேரம் (ஷட்டர் வேகம்), உணர்திறன் (ஐஎஸ்ஓ) ஆகிய மூன்றையும் கேமராவே தீர்மானித்துக்கொள்ளும் ஏற்பாடு. தீவிரம் தொடங்குவது, மேற்புறத் திருகியை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பி, அம்மூன்றையும் ஒருவர் தம் தலையில் ஏற்றிக்கொள்ளும் கணத்தில். இவற்றுள் ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் பெரிய குடும்பச் சிக்கல்களை உண்டாக்குவதில்லை. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால் சறுக்குபலகையைச் சுற்றித் தெறிக்கும் நீர் துளித்துளியாக உறையும்; அரை நொடி வைத்தால் அதே அலை பஞ்சாகும்; வெளிச்சம் போதாமல் உணர்திறன் எண்ணாகிய ஐஎஸ்ஓவை ஏற்றினால் வானத்தில் ரவை தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். ஆனால் அப்பர்ச்சர் அத்தகையதன்று.

அப்பர்ச்சர் என்பது லென்ஸுக்குள் ஒளி புகும் துளை. லென்ஸின் குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண், 50 மி.மீ. லென்ஸில் எஃப்/2 என்றால் துளை 25 மி.மீ., எஃப்/8 என்றால் 6 மி.மீ. சொச்சம். துளை பெரிதானால் ஒளி மிகும், துலங்கும் ஆழம் குறையும். இதைக் கற்ற தொடக்கநிலையாளர் அடுத்து வாங்குவது 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், விலை குறைவு, பின்புலத்தை அழகாகக் கரைப்பது. அதை மாட்டி, மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் உறவினரைத் துளையை முழுதும் திறந்து எடுத்தால், தொடக்கநிலைக்குரிய சிறிய சென்சார் கொண்ட கேமராவில் ஏறக்குறைய 25 செ.மீ. ஆழத்துக்குள் உள்ளவர்களே தெளிவாக விழுவர். முன்வரிசையில் பெண் வீட்டாரும் பின்வரிசையில் மாப்பிள்ளை வீட்டாரும் நின்றிருந்தால் நேர்வது கணிதம்: சம்பந்தி அம்மாள் கரைந்துபோவார். அது கலைநயம் என்று விளக்குவது வழக்கம். விளக்கம் ஏற்கப்பட்டதாகத் தெரியவில்லை. இதே லென்ஸ் அத்தகைய கேமராவில் பார்வைக் கோணத்தைக் குறுக்கிவிடுவதால், எல்லாரையும் சட்டகத்துக்குள் அடக்க எடுப்பவர் பின்னோக்கி நடக்க வேண்டும். கோவளத்தில் பின்னோக்கி நடப்பவரை எதிர்கொள்வது படகின் நங்கூரக் கயிறு, இல்லையேல் வங்காள விரிகுடா.

அவ்விரிகுடாவும் தொடக்கநிலையாளரின் படங்களில் ஒரு பக்கமாகச் சரிந்து வழிந்துகொண்டிருப்பது மற்றோர் அடையாளம். எளிய கேமராக் காலத்திலும் தொடுவானம் சரிந்தே இருந்தது, யாரும் பார்க்கவில்லை. கட்டக்கோடுகளும் மின்னணு மட்டமும் கொண்ட கேமரா வந்தபின், சரிவு எடுத்தவருடைய குணக்குறையாகிறது. கடற்கரையில் லென்ஸ் மாற்றியதால் சென்சாரில் படிந்த தூசி, எஃப்/16இல் வானத்தில் கரும்புள்ளிகளாகத் தெரியும்போது, அவற்றைத் தூரத்துப் பூநாரைகள் எனச் சாதிப்போர் உண்டு. பூநாரைகள் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் பறப்பதில்லை.

படகுகள் கரையேறும் நேரத்தில் மண்டியிட்டுக் கயிற்று முடிச்சையும் துருவேறிய வளையத்தையும் குறிவைப்பவரைப் பார்த்து மீனவர் கேட்பது, “எந்த சேனலு சார்?” என்பதே. எந்தச் சேனலும் இல்லை, சும்மா எடுக்கிறேன் என்ற விடை அவருக்குப் புரிவதில்லை. கேட்டால் விடை சொன்னவருக்கும் புரிவதில்லை. இவ்வினாவை எதிர்கொள்வது தீவிரத்தின் முதல் தேர்வாகலாம்.

கேமராதான் படம் எடுக்கிறது என்போருக்கு மறுப்பாகக் காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணனைச் சுட்டலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர் (1912–1996), வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்து அமைத்துக்கொண்ட கேமராவால், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், காட்டு யானைகளை எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் கேமராவின் மாடல் எண்ணைக் கேட்டு அதுபோல் ஒன்று வாங்க எவராலும் முடியாது. எனவே படத்தின் பெருமை முழுவதும் அவருக்கே சேர்ந்தது. ஃபிலிம் சுருளில் 36 படங்களே இருந்த காலத்தில் கைக்கு ஒரு கூச்சம் இருந்தது என்பதும் குறிக்கத்தக்கது. இன்று ஒரு சூரியோதயத்துக்கு முந்நூறு படங்கள் எடுக்கப்படுகின்றன, சூரியன் ஒன்றுதான்.

கடற்காற்று பற்றியும் கூறல் வேண்டும். உப்பும் ஈரமும் கலந்த காற்றில் திரிந்த லென்ஸைப் பையோடு பீரோவில் பூட்டினால், கண்ணாடியில் நூல்நூலாகப் பூஞ்சை படரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஆனால் புதுச் செருப்புப் பெட்டியில் வந்த சிறு பொட்டலம் போதாது.

கள ஆய்வை மேற்கொள்ள விரும்புவோர், கோவளத்தில் சூரியோதயம் ஜூனில் 5.45 மணியை ஒட்டியும் ஜனவரி இறுதியில் 6.35 மணியை ஒட்டியும் நிகழும் என்பதால், அதற்கு அரைமணி முன்னதாகவே கரையில் இருத்தல் வேண்டும். உறவினர் உடன்வந்தால் எஃப்/8 வைத்து, அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அந்தப் படத்தை முதலில் எடுத்து முடித்துவிடுக. கயிற்று முடிச்சு அங்கேயே இருக்கும்.