‘தேதி தள்ளிப் போகும் சார்!’

தெருவுக்கு ஒருத்தர் இப்படி இருப்பார். கேபிள் டிவி டிஜிட்டலுக்கு மாறிய காலத்தில்தான் இவருக்கு உச்ச யோகம்.

செட்டாப் பாக்ஸ் வாங்காவிட்டால் ஒளிபரப்பு துண்டிக்கப்படும் என்று திரையின் அடியில் எழுத்து ஓடும். தொப்பை வைத்த பழைய டிவிக்கு எதிரே காராச்சேவும் கையுமாக உட்கார்ந்து, “ஓடட்டும், ஓடட்டும்” என்பார். பக்கத்து வீட்டில் டிஷ் மாட்டிவிட்டார்கள் என்று மனைவி சொன்னால், “அவனுக்கு எல்லாத்துலயும் அவசரம்” என்று ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் குறை சொல்லவும் முடியாது. அரசாங்கமே அவர் கட்சி. சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களுக்கு முதலில் வைத்த கெடு 2012 ஜூன் 30. அது அக்டோபர் 31 ஆயிற்று. அப்புறமும் சென்னை விவகாரம் கோர்ட் படியேறியது. கடைசிக் கட்டத்தில் இருந்த இவர் ஊருக்கு 2016 டிசம்பர் 31 என்றார்கள். பிறகு 2017 மார்ச் 31 என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போவார். “நான் சொன்னேனா இல்லையா?” ஊர் ஜோசியருக்கே இவ்வளவு பலித்ததில்லை.

2017-இல் அரசு கேபிள் நிறுவனம் பெட்டியை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. மனிதர் சட்டை மாட்டிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். “டிஷ்ஷுக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?” தெரியாமல் கேட்கவில்லை, அந்தத் தொகையை அவர் வாயால் கேட்க வேண்டும்.

பெட்டி வந்தது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களைக் கேபிள் தம்பி சொருகிவிட்டுப் போனார். டிவிக்கு ஒரு ரிமோட், பெட்டிக்கு ஒரு ரிமோட். புதியதற்கு பாலிதீன் உறையும் ரப்பர் பேண்டும். சத்தத்தைக் குறைக்கப் போய் ஏ.வி. பட்டனை அமுக்கிவிடுவார், திரை முழுக்கப் புள்ளி. பள்ளிக்கூடம் விட்டுப் பேரன் வரும்வரை வீடு மௌன விரதம்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பழைய காலத்தில் வசூலுக்குத் தம்பி 1-ஆம் தேதி வந்தால் “பத்தாம் தேதி வா”, பத்தாம் தேதி வந்தால் “பென்ஷன் வரட்டும்”. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது ஒருநாள் ராத்திரி, சீரியல் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்துப் படம் நின்றது. சந்தா முடிந்தது என்று திரையில் இரண்டு வரி.

உடனே போன் போட்டார்.

“ரெண்டு நாள் தள்ளிக் கொடுக்கக் கூடாதாப்பா?”

“நான் கொடுப்பேன் சார். பெட்டி கொடுக்காதே!”