ரசத்தைக் கேளுங்கள்

கே: வெளியூரில் மதியச் சாப்பாட்டுக்கு எந்தச் சின்னக் கடையை நம்பி நுழையலாம்?
– வாசகர், விழுப்புரம்

ப: ஆட்டோ ஸ்டாண்டில் போய் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஏசி போட்ட இடத்தைக் காட்டுவார்கள். "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். அந்தக் கடைதான் உங்களுக்கான கடை.

உட்கார்ந்ததும் ரசத்தைக் கேளுங்கள். குழம்பை மசாலா காப்பாற்றிவிடும். ரசத்தைக் காப்பாற்ற யாரும் இல்லை. புளியும் மிளகும் சீரகமும் அளவாக நின்றால், அடுப்படியில் பொறுப்பான ஆள் இருக்கிறார்.

மதுரைப் பக்கம் போனால் மெஸ்களில் அயிரை மீன் குழம்பைத் தவற விடாதீர்கள். விரல் நீளம்கூட இராது, முழுசாகவே சாப்பிடலாம். சேற்றில் மேய்கிற மீன் என்பதால் உயிரோடு பாலிலோ தேங்காய்ப் பாலிலோ விட்டு, மண்ணைக் கக்க வைத்து, உப்புப் போட்டு உரசிக் கழுவிய பிறகுதான் சட்டிக்குப் போகும். இத்தனை மெனக்கெடலை நட்சத்திர ஹோட்டலில் செய்தால், பில்லைப் பார்த்து நாம் மண்ணைக் கவ்வியிருப்போம்!

சுவரில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். கை கழுவும் இடத்தையும்தான்.

எதுவானாலும் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சின்னக் கடைகளில் அளவாகத்தான் சமைப்பார்கள். இரண்டரைக்குப் போனால் சாம்பார் மட்டும்தான் மிச்சம்.