டூ ஃபோர் மிஸ்ஸிங்

திருச்சி தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவுக்குள் நுழைந்து மறுமுனையில் வெளியே வருவதற்குள் நாலைந்து பல் ஆஸ்பத்திரி போர்டுகள் நம்மைப் பார்த்துச் சிரித்துவிடும். எல்லா போர்டிலும் ஏறக்குறைய ஒரே பெண், ஒரே சிரிப்பு. பக்கத்தில் ‘ஸ்மைல் டிசைனிங்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே வெனீர், அதற்கும் கீழே தவணை வசதி. கடைசியில், இடம் மிச்சமிருந்தால், பல் பிடுங்கப்படும் என்பதும் இருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்திரண்டும் இருக்கின்றன. அதைத்தான் நாம் கவனிப்பதில்லை.

எனக்கு வெனீர் ஆசை வந்ததில் நியாயம் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எனாமல் சரியாகப் படியாது. பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டோடு முளைக்கும், பழுப்புக் கோடு பிறகு ஏறும். வேப்பங்குச்சி, உமிக்கரி, ரோஸ் கலர் பல்பொடி என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் ஈறுதான் தேயுமே தவிர கோடு தேயாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃப்ளோரோசிஸ் ஒழிப்பு என்பதைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட திட்டம் அது. நல்ல காரியம். ஆனால் என் பல்லெல்லாம் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முளைத்து முடித்திருந்தன.

எங்கள் ஊர்க்காரனை வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஜாதகம் கேட்க வேண்டாம், சிரிக்கவைத்தால் போதும். அதனாலேயே என் கல்யாண ஆல்பம் முழுக்க நான் வாயை மூடியே இருக்கிறேன். ‘மாப்பிள்ளை, கொஞ்சம் சிரிங்க’ என்று கேட்டுக் கேட்டு போட்டோகிராபர் அலுத்துப்போனார். நான் ஆழ்ந்து சிந்திக்கும் மனிதன் என்று என் மனைவி நம்பிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாரம்தான்.

இந்தக் கறையை மறைக்கத்தான் வெனீர் கேட்டுப் போனேன். அதற்கு அது சரியான வைத்தியமும்கூட. சிக்கல் என்னவென்றால், இடையில் இரண்டு பல் என்னைவிட்டுப் போயிருந்தன. கீழ் இடது கடைவாய்ப் பல் ஒன்று, ரொம்ப நாளைக்கு முன்பே சொத்தையில் போனது. மேல் இடது பக்கம் சிங்கப் பல்லுக்கு அடுத்த பல், ஒரு கிருஷ்ண ஜெயந்தியன்று உப்புச் சீடையைக் கடித்தபோது வேர் வரைக்கும் நெட்டுக்குத்தாகப் பிளந்தது. அப்படிப் பிளந்த பல்லை யாராலும் காப்பாற்ற முடியாதாம். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் போகவில்லை. வீட்டில் அதுபற்றி லேசான வருத்தம் உண்டு.

டாக்டர் இளம் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடிக் குச்சியை வாய்க்குள் விட்டு உதவியாளரிடம் ஒப்பித்தார்: “டூ ஃபோர் மிஸ்ஸிங். த்ரீ சிக்ஸ் மிஸ்ஸிங்.” வாயை நாலு வார்டாகப் பிரித்து, நடுவிலிருந்து கடைசி வரை ஒன்று முதல் எட்டு வரை கதவிலக்கம் கொடுத்திருக்கிறார்கள். மேல் இடது இரண்டாம் வார்டு, அதில் நாலாம் நம்பர், டூ ஃபோர். அதனால் இருப்பது முப்பத்திரண்டு என்றாலும் நம்பர் நாற்பத்தெட்டு வரை போகிறது.

“வெனீர் போடலாமா டாக்டர்?”

“தாராளமா போடலாம் சார். பல் இருக்கிற இடத்துல.”

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுகிற பீங்கான் தகடு. கனம் அரை மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு இடம் விட எனாமலை மெல்லச் சுரண்டுவார்கள். பாஸ்பாரிக் அமிலத்தைக் கொஞ்ச நேரம் தடவிக் கழுவுவார்கள், பிடிமானத்துக்கு. பிறகு பசை வைத்து ஒட்டி, நீல விளக்கைக் காட்டினால் இறுகிவிடும். எனாமல் மறுபடி வளராது. ஒருமுறை சுரண்டினால் ஆயுள் முழுக்க அந்தப் பல்லுக்குத் தகடு வேண்டும். இவ்வளவும் கேட்ட பிறகு என் யோசனையை எடுத்து வைத்தேன்: இரு பக்கத்துப் பல்லுக்கும் வெனீரை அகலமாகப் போட்டு நடுவில் சேர்த்துவிட்டால் ஓட்டை மறைந்துவிடாதா?

“சந்துன்னா அப்படி அடைக்கலாம் சார். உங்களுக்கு இருக்கிறது சந்து இல்ல, காலி மனை.”

காலி மனை என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வேலி போடாத மனையைச் சுற்றி என்ன நடக்கும் என்று நமக்கா தெரியாது? எக்ஸ்ரேயில் காட்டினார். த்ரீ சிக்ஸ் போன இடத்தில் பின்னாலிருந்த பல் முன்பக்கமாகச் சாய்ந்து எல்லைக்குள் காலை நீட்டியிருந்தது. மேல் வீட்டுப் பல், கீழே கடிக்க ஆளில்லாததால், மாடிப்படி கட்டுவதற்கு இறங்கி வந்திருந்தது. அந்த இடத்துத் தாடை எலும்பும், தாங்க வேரில்லாததால், கரைந்து பள்ளமாகியிருந்தது. பட்டா என் பெயரில்தான், அனுபவம் அவர்களுடையது.

இங்கே சினிமாவை ஒரு வார்த்தை திட்டிவிட வேண்டும். இந்த மேல்தகட்டு வித்தையைத் தொடங்கிவைத்தவர் கலிபோர்னியாவின் சார்லஸ் பின்கஸ் என்ற பல் டாக்டர், 1928-இல். ஹாலிவுட் நடிகர்களின் பல் குளோசப்பில் பளிச்சென்று தெரிவதற்காக மெல்லிய தகடு செய்து, பல்செட் ஒட்டுகிற பொடியால் தற்காலிகமாக ஒட்டிவிட்டார். ஷூட்டிங் முடிந்தால் கழற்றிவிட வேண்டும். அதை மாட்டிக்கொண்டு சாப்பிட முடியாது. குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளுக்குப் பால் பல் விழுந்தபோது, படத்தில் பொக்கை தெரியாமலிருக்கப் போலிப் பல் செய்து கொடுத்தவரும் அவர்தான். ஆக, ஓட்டைக்கு முகப்பு வைக்கலாம் என்ற எண்ணம் நானாக இட்டுக்கட்டியது அல்ல. அதற்கு ஹாலிவுட் முன்னுதாரணம் உண்டு. என்ன, அந்தக் குழந்தைக்கு அடியில் அசல் பல் முளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அடியில் சைனஸ்தான் இருக்கிறது.

டாக்டர் மூன்று வழி சொன்னார். முதலாவது, கழற்றி மாட்டுகிற பல்செட். என் பெரியப்பா ஒன்று வைத்திருந்தார். வெளியே போகும்போது மாட்டிக்கொள்வார். சாப்பாட்டு இலை முன் உட்கார்ந்ததும் கழற்றித் துண்டில் முடிந்துகொள்வார். மெல்லுவதற்கு ஈறு, மரியாதைக்குப் பல். உலகத் தலைவர்கள் நிலைமையும் இதைவிட மேலாக இல்லை. ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்று. மரப்பல் கட்டியிருந்தார் என்பது கதை. உண்மையில் நீர்யானைத் தந்தம், மனிதப் பல், உலோகம் எல்லாம் சேர்த்து ஸ்பிரிங் வைத்த செட். உதட்டை இறுக்கி வைத்திருக்காவிட்டால் ஸ்பிரிங் வாயைத் திறந்துவிடும். டாலர் நோட்டில் அவர் முகத்தைப் பார்த்தால் என் கல்யாண ஆல்பம் ஞாபகம் வருகிறது.

இரண்டாவது வழி பிரிட்ஜ். இரு பக்கத்திலும் இருக்கிற நல்ல பல்லைச் சுற்றிலும் செதுக்கி, கேப் மாட்டி, நடுவில் ஒரு பல்லைத் தொங்கவிடுவது. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் என்னுடைய சிங்கப் பல், தர்மபுரிப் பழுப்பைத் தவிர வேறு குற்றம் செய்யாதது. பக்கத்தில் இருந்தது என்பதற்காக அதைச் செதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது இம்ப்ளான்ட். இதற்கு நாம் ஸ்வீடன் முயல் ஒன்றுக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1950-களின் தொடக்கத்தில் பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஆராய்ச்சியாளர் எலும்பு எப்படிக் குணமாகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்ததும் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் கருவி போச்சே என்று தலையில் கைவைத்திருப்பார். இவர் அதிலேயே பல் கட்டலாம் என்று யோசித்தார். 1965-இல் யோஸ்டா லார்ஸன் என்பவருக்குத் தாடையில் டைட்டானிய வேர் வைத்தார். அவர் நாற்பது ஆண்டுக்கு அதை வைத்தே மென்றார்.

“முதல்ல மனையில கட்டடம் சார். கடைவாய் பிறகு பார்க்கலாம், இப்ப டூ ஃபோர். வெள்ளை அடிக்கிறது கடைசி” என்றார் டாக்டர். விலையைச் சொன்னபோது, வாய் ஏற்கெனவே திறந்திருந்ததால் என் அதிர்ச்சி அவருக்குத் தெரியவில்லை. சுகர் இருக்கிறதா என்று கேட்டு, மூன்று மாதச் சராசரிக்கு ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, ஒரு நாள் ஊசி போட்டுத் திருகாணியை இறக்கினார். வலி இல்லை. பயம் மட்டும் மரத்துப்போகாது. எலும்பு பிடிக்கச் சில மாதம் காத்திருக்கச் சொன்னார். அத்தனை நாளும் என் மனைவி, சீடை என்ற சொல்லையே வீட்டில் தடை செய்திருந்தாள்.

பிறகு நிறம் பார்க்கிற நாள். விசிறியாக விரிகிற ஒரு தட்டில் சின்னச் சின்னப் பீங்கான் பல் பதினாறு, ஒவ்வொன்றும் ஒரு தகரக் காம்பில். ஏ ஒன்று, ஏ இரண்டு என்று தொடங்கி டி நாலு வரை. டாக்டர் மேலே இருந்த விளக்கை அணைத்து, என்னை ஜன்னல் பக்கம் நகர்த்தினார். பகல் வெளிச்சத்தில்தான் பல்லின் நிறம் சரியாகத் தெரியுமாம். ஒவ்வொரு காம்பாக என் உதட்டோரம் பிடித்தார். ஈறுப் பக்கம் கொஞ்சம் மஞ்சள், நடுவில் ஒரு சாயல், நுனியில் கண்ணாடித் தன்மை. ஒரு பல்லுக்குள்ளேயே இத்தனை நிறம் என்று அன்றுதான் பார்த்தேன். கூட வந்திருந்த மனைவி எட்டிப் பார்த்து, “இதுலேயே இன்னும் கொஞ்சம் டார்க்கா இருக்கா?” என்று கேட்டாள்.

அங்கேதான் கேள்வி வந்தது. பீங்கான் பல்லைப் பிறகு வெளுக்க முடியாது. ஒருமுறை சுட்டது சுட்டதுதான். முன்பற்களுக்கு வெனீர் போடுவது உறுதியென்றால் இப்போதே அந்த வெள்ளைக்குச் சேருகிற மாதிரி டூ ஃபோரைச் செய்ய வேண்டும். வெனீர் இல்லையென்றால் இருக்கிற பல்லுக்குச் சேருகிற மாதிரி. முன்னால் தெரிகிற ஆறு பல்லுக்கும் வெனீர் என்ன ஆகும் என்று விசாரித்தேன். சொன்னார். சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“இருக்கிறதுக்கே பொருத்திடுங்க டாக்டர்.”

“அப்ப பழுப்புக் கோடு?”

“அதையும் போட்டுடுங்க,” என்றாள் மனைவி. “ஒண்ணு மட்டும் வெள்ளையா இருந்தா கட்டினதுன்னு தெரிஞ்சுடும்.”

இப்படியாக, என் வாயை எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கைதேர்ந்த கலைஞர் நுண்ணிய தூரிகையால் பீங்கான் மேல் பழுப்புக் கோடும் சுண்ணாம்புத் திட்டும் தீட்டிச் சூளையில் வைத்துச் சுட்டிருக்கிறார். ஊர்க் கிணறு இலவசமாகக் கொடுத்த கறையை நான் காசு கொடுத்து வாங்கினேன், அதுவும் கையால் வரைந்தது. திருகாணி மேல் கேப்பை வைத்து டாக்டர் கண்ணாடியை நீட்டியபோது எது புதுசு என்று எனக்கே ஒரு கணம் தட்டுப்படவில்லை.

பென்னாகரத்தில் ஒரு கல்யாணம் வந்தது. பந்தியில் பக்கத்து இலை என் தாய்மாமா. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்தப் பக்கமாகவே முறுக்கைப் போட்டு நொறுக்கிக் காட்டினேன். கவனிக்கவில்லை. கடைசியில் நானே சொல்ல வேண்டியதாயிற்று: “மாமா, ஒரு பல் கட்டியிருக்கேன். எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம்.”

அவர் பாயசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் போட்டு என் வாய்க்குள் அடித்தார். எதிர்வரிசையில் ரெண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமா நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்து, விரலை நீட்டி, பிறந்தது முதல் என்னோடு இருக்கிற என் சொந்த முன்பல்லைத் தட்டினார்.

“இதுதானே? பார்த்தாலே தெரியுதே மாப்ளே. எவ்வளவு வாங்கினான்?”