ஆறு சென்ட் மிராசுதார்

லைப்சிக்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் குத்தகைக்கு நிலம் பிடித்திருப்பதாகத் தங்கச்சி சொன்னதும், "எத்தனை ஏக்கராம்? கிணறா, போரா?" என்று கேட்டீர்களாம். போனில் சொல்லலாம் என்றால், "நல்லா இருக்கியா, சரி வச்சிடறேன்" என்று நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நிலம் 240 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஆறு சென்டுக்குத் துளி குறைவு. கிணறும் இல்லை, போரும் இல்லை. குழாய்த் தண்ணீர்தான், அதுவும் மீட்டர் போட்டு. உறைபனி விழுவதற்கு முன்னால் அதையும் அடைத்துவிடுவார்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

லைப்சிக்கில் இது லேசுப்பட்ட சமாசாரம் இல்லை. இந்த மாதிரித் தோட்டத்துக்கு ஷ்ரேபர் தோட்டம் என்று பெயர். அது பிறந்ததே இந்த ஊரில்தான். ஷ்ரேபர் என்பவர் இங்கே இருந்த ஒரு டாக்டர். அவர் இந்தத் தோட்டங்களில் ஒரு கத்தரி நாற்றுகூட நட்டதில்லை, 1861-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 1864-ல் ஹௌஷில்ட் என்ற தலைமையாசிரியர் பிள்ளைகள் விளையாட ஒரு திடல் வேண்டுமென்று சங்கம் தொடங்கி, அதற்கு இறந்துபோன டாக்டரின் பெயரை வைத்தார். பிறகு கேஸெல் என்ற ரிட்டையர்டு வாத்தியார் அந்தத் திடலோரம் பிள்ளைகளுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார். பிள்ளைகள் பிள்ளைகள்தானே, பாத்தியில் களை மண்டிப்போய், மண்வெட்டி அப்பா அம்மா கைக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஜெர்மனி முழுக்கச் சுமார் 9 லட்சம் தோட்டம் இருக்கிறது. மண்வெட்டி பிடிக்காமல் பிழைக்கட்டும் என்றுதான் நீங்களும் அப்பாவும் கடன் வாங்கி என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தீர்கள். இப்போது நான் சந்தா கட்டி, வரிசையில் காத்திருந்து, மண்வெட்டி பிடிக்கிறேன்.

இந்த ஆறு சென்டுக்கு ஒரு மத்திய சட்டமே இருக்கிறது, பெரியப்பா. 1983-ல் போட்டது. தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. கொட்டகை போட்டுக்கொள்ளலாம், ஆனால் தாழ்வாரத்தையும் சேர்த்து 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும், அதில் குடியிருக்கக் கூடாது. இதுபோக எங்கள் சங்கத்து விதிகள் தனி. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் வரக்கூடாது. வேலி 1.25 மீட்டருக்கு மேல் வளரக்கூடாது, வழியில் போகிறவர் உள்ளே பார்க்க வேண்டுமாம். களைக்கொல்லி அடிக்கக் கூடாது. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று, மூன்றில் ஒரு பங்கு.

அதாவது, தோட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கில் காயோ கனியோ விளைய வேண்டும். புல்லை வளர்த்து நாற்காலி போட்டுப் பீர் குடிப்பதற்கு இல்லையாம் இது. இதற்காக நாட்டின் உச்ச சிவில் கோர்ட் வரைக்கும் வழக்குப் போய், 2004-ல் தீர்ப்பே வந்திருக்கிறது. எனக்கு 80 சதுர மீட்டர் கணக்கு, ரெண்டு சென்ட். விவசாயி மகனுக்கு இது ஒரு பொருட்டா என்று நானும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

இந்த மாதம் கமிட்டி சுற்றிப்பார்க்க வந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர், ஒரு டேப். தலைவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர்; இன்னமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்தார், தலையாட்டினார். பீன்ஸ் பந்தலைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அடுத்து நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு காட்டியது கீரைப் பாத்தி. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள். நாலு நாளில் தபால் வந்தது: "தங்கள் தோட்டத்தின் தெற்குப் பகுதி முழுக்கக் களை மண்டிக் கிடக்கிறது. நான்கு வாரத்துக்குள் அப்புறப்படுத்தவும்."

விஷயம் என்னவென்றால், தண்டுக்கீரையின் பங்காளி ஒன்று இங்கே சோளக்காட்டுக் களை. பருப்புக்கீரை நடைபாதைக் கல் இடுக்கில் முளைக்கிற களை. மணத்தக்காளியோ விஷச்செடி! தண்டுக்கீரை நான் விதைத்தது. மற்ற ரெண்டும் தானாக வந்தவை. அவற்றுக்கு நான் தண்ணீர் ஊற்றி, சுற்றிலும் இருந்த நிஜக் களையைப் பிடுங்கி, எருவும் வைத்திருந்தேன். களைக்குக் களையெடுத்தவனை இந்தச் சங்கம் இதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உங்கள் மருமகள் சும்மா இருப்பாளா? அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெரிய பாத்திரம் கீரைக் கடைசலும் பருப்புக்கீரைக் கூட்டும் செய்து எடுத்துக்கொண்டு போனாள். தலைவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கரண்டி. பிறகு, இதை ரொட்டியில் தடவலாமா என்று கேட்டார். செயலாளரம்மா பையிலிருந்து ஒரு தாவரப் புத்தகத்தை எடுத்து, பக்கம் புரட்டி, இரண்டும் தின்னத் தக்கவைதான் என்று வாசித்துக் காட்டினார். தீர்மானம் போட்டார்கள், கை தூக்கினார்கள், மினிட்ஸில் ஏறியது. நம்ம வீட்டுக் கீரைக்கு லைப்சிக்கில் குடியுரிமை கிடைத்த கதை இது. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

மணத்தக்காளிக்குத்தான் கிடைக்கவில்லை. அது விஷம், பிள்ளைகள் நடமாடும் இடம், எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். உங்கள் மருமகள் கருப்பாய்ப் பழுத்ததில் ஒரு பிடி பறித்து அவர்கள் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போய்விட்டார். கையைப் பிடித்து நிறுத்தினோம். மறுநாள் காலையில் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இவள் உயிரோடு இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தார். வேலி 1.25 மீட்டர்தானே, நன்றாகவே தெரிந்திருக்கும்.

இத்தோடு விட்டார்களா? மணத்தக்காளியைக் கழித்துவிட்டு மறுபடி அளந்தார்கள். 79.5. அரைச் சதுர மீட்டர் குறைகிறது! நான் ஒரு ஆப்பிள் மரம் இருக்கிறதே என்றேன். அது ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது என்றார்கள். பச்சை மிளகாய்த் தொட்டிகளைக் காட்டினேன். தொட்டி தரையில் சேராது, தூக்கிக்கொண்டு போகலாம் என்றார் தலைவர். கறிவேப்பிலை? அதுவும் தொட்டி, குளிர் வந்தால் வீட்டுக்குள் படுக்கப் போகிற ஆள். உரக்குழி? அது சேருமாம், ஆனால் அதையும் முதலிலேயே சேர்த்தாகிவிட்டதாம். பூசணிக்கொடி நடைபாதையில் படர்ந்திருக்கிறதே, அதை அளங்கள் என்றேன். மூவரும் தனியாகப் போய்ப் பேசினார்கள். கொடி எங்கே ஓடினாலும் வேர் இருக்கும் இடம்தான் கணக்கு என்று திரும்பி வந்து சொன்னார்கள். கடைசியில் ரோஜாவுக்கு நடுவில் பூண்டு ஊன்றிவிடுகிறேன் என்றேன். பூண்டு இங்கே அக்டோபரில் ஊன்றுவது. ஊன்றிய பிறகு வந்து பார்க்கிறோம் என்று டேப்பைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

விளைச்சல் கேட்பீர்கள். வெண்டை ஒரு சாண் வளர்ந்து குளிரைப் பார்த்து நின்றுவிட்டது. பாகல், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ரெண்டே காய், ரெண்டையும் போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கிறேன். முள்ளங்கியை ஓடில்லாத நத்தை முடித்துவிட்டது. ராத்திரி டார்ச் அடித்து நத்தை பொறுக்குவதுதான் இந்தக் கோடையில் எங்கள் பொழுதுபோக்கு. தக்காளிக்கு ஆகஸ்ட் மழையில் கருகல் வந்துவிட்டது. காயாகவே பறித்துத் தொக்குப் போட்டோம். ஆனால் பூசணியும் உருளையும், பெரியப்பா, சொன்னால் நம்ப மாட்டீர்கள். போன ஞாயிறு உருளை தோண்டினோம். மண் கருப்பாக, ஈரமாக, ஒரு கல் இல்லாமல் இருந்தது. பாப்பா கிழங்கை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "இதெல்லாம் நாமளே உள்ளே ஒளிச்சு வச்சதா?" என்று கேட்டாள். ரெண்டு மூட்டை தேறியது. வாடகை, சந்தா, இன்சூரன்ஸ், தண்ணீர், விதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கிலோ என்ன விலைக்கு விளைந்தது என்று அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

பக்கத்துப் பாட்டி ஒரு கதை சொன்னார். கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், தோட்டக்காரர்கள் விளைந்ததை அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போடுவார்களாம். அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கி, கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு விற்குமாம். அதனால் காலையில் விற்ற காயைச் சாயங்காலம் கடையில் மலிவாக வாங்கி, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விற்ற கெட்டிக்காரர்கள் உண்டு என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று நீங்களும் அப்பாவும் தக்காளியை வழியிலேயே கொட்டிவிட்டு வந்த ராத்திரி ஞாபகம் வந்தது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

இதை எழுதும்போதே இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். கிணத்துத் தோட்டத்தைப் பிளாட் போட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகத் தங்கச்சி சொன்னாள். வருஷத்துக்கு ஒருதரம் வந்து இளநீர் குடித்துவிட்டுப் போகிறவன் நான், எனக்குப் பேச வாய் கிடையாது. வயதான காலத்தில் நீங்கள் தண்ணீர் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் இங்கே ரெண்டு சென்டில் காய் போடவில்லை என்றால் டேப்போடு ஆள் வருகிறது. அங்கே நாலு ஏக்கர் செம்மண்ணுக்குக் கல் நடும்போது ஏன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அப்பாவும் நீங்களும் ஒருதரம் உட்கார்ந்து பேசுங்கள். விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், கிணறு இருக்கிற பக்கம் மூன்றில் ஒரு பங்கையாவது நிறுத்திவையுங்கள். பூண்டு ஊன்ற நான் வருகிறேன்.

மணத்தக்காளிக்கு வருவோம். செடியை எடுக்க இன்னும் ரெண்டு வாரம் அவகாசம் இருக்கிறது, காய் கொத்துக்கொத்தாய்த் தொங்குகிறது. வற்றல் போட்டுவிடலாம் என்று உங்கள் மருமகள் குதிக்கிறாள். இங்கே வெயில் பேருக்குத்தான் அடிக்கிறது. பெரியம்மாவிடம் மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். மோரில் எத்தனை நாள் ஊற வேண்டும்? உப்பு முதலிலேயே போடுவதா, கடைசியிலா? வெயிலுக்குப் பதில் ஓவனில் காயவைத்தால் கசந்துவிடுமா? தங்கச்சியிடம் சொல்லி இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். புதன்கிழமையிலிருந்து மழை என்று போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் மகன்