தேசபக்திக்கு வருமானச் சான்று

2025 மே மாதம் நம் வீட்டுக் கூடத்திலேயே போர் நடந்தது. 7-ஆம் தேதி ஆபரேஷன் சிந்தூர் தொடங்கியதும், செய்தித் தொலைக்காட்சிகளில் சிலர் கோட்டு சூட்டோடு களமிறங்கி, கராச்சியை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பும் இஸ்லாமாபாத்தைச் சாப்பாட்டுக்குப் பின்பும் பிடித்தார்கள். பின்னணி இசைக்குப் பதில் சைரன். நிஜமாகவே சைரன் ஒலித்தால் ஜனங்கள் அதையும் நிகழ்ச்சி என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்களே என்று, 'அந்தச் சத்தத்தைப் போடாதீர்கள்' என மத்திய அரசே சேனல்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. 10-ஆம் தேதி சண்டை நின்றது. எல்லையோர ஊர்க்காரன் மூச்சு விட்டான். ஸ்டுடியோக்காரனுக்குத்தான் துக்கம்.

ரொம்ப நாள் துக்கப்பட விடவில்லை அரசு. மே 12-ஆம் தேதி, பிராந்திய ராணுவத்தில் அதிகாரி ஆக விண்ணப்பிக்கலாம் என்று கதவு திறந்தது. நம்மைப் போல வேறு பிழைப்பில் இருப்பவர்களுக்கென்றே வைத்திருக்கும் கதவு அது. வயது 18 முதல் 42 வரை. பட்டம் போதும். பார்க்கும் வேலையை விட வேண்டாம், ஆண்டுக்கு இரண்டு மாதம் சீருடை அணிந்தால் போதும். மீசையை முறுக்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் லாகூர் வரை போய்வந்த தளபதிகளே, இதற்காகத்தானே காத்திருந்தீர்கள்? வாருங்கள், வரிசையில் நில்லுங்கள். மொத்த இடங்கள் 19. அதில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1.

அந்த ஒன்றைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்து நாள் முன்புதான் கர்னல் சோபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும் ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கம் சொல்ல, 'இதுதான் பெண் சக்தி' என்று தேசமே கைதட்டிற்று. கைதட்டுக்குக் கணக்கில்லை. இடத்துக்குக் கணக்கு உண்டு, ஒன்று.

ஈரோட்டில் எனக்கு ஒரு நண்பர். வயது 41. பி.காம். படித்துவிட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறார். சின்ன வயதிலிருந்தே ராணுவ ஆசை. விண்ணப்பத்தை நிரப்ப என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அவர் தம்பி. எம்.எஸ்சி., வயது 27, வேலை கிடைக்கவில்லை.

"நானும் போடட்டுமாண்ணா?"

"முடியாது தம்பி. வருமானம் வரும் வேலை இருக்கணுமாம்."

பையன் சிரித்தான். "அதாவது, நாட்டுக்கு உழைக்கறதுக்கும் முன் அனுபவம் கேக்கறாங்க."

சிரிப்பதற்கில்லை. அரசு ஊழியர் என்றால் துறையிடம் தடையின்மைச் சான்று. சொந்தத் தொழில் என்றால் ஆண்டு வருமானத்தைக் குறித்து முத்திரைத் தாளில் பிரமாணப் பத்திரம். வீட்டுக் கடனுக்கு வங்கி கேட்பதைத்தான் நாட்டுக் கடனுக்கு ராணுவமும் கேட்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. இது முழுநேர வேலை அல்ல. பயிற்சிக்கோ பணிக்கோ அழைக்கும் காலத்துக்குத்தான் சம்பளம். ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் இல்லை. மீதி மாதங்களில் வீரனின் வயிற்றை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 'இரண்டு மாதம்' என்பதும் அமைதிக்காலக் கணக்கு. அதே மே 6-ஆம் தேதிதான், பிராந்திய ராணுவத்தின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐப் பணிக்கு அழைத்துக்கொள்ளத் தரைப்படைத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள்.

நண்பர் முதலாளியிடம் போய் நின்றார்.

"ரெண்டு மாசமா? மஞ்ச வரத்து நேரத்துல கணக்க யாருப்பா பாக்கறது? தேச சேவை செய்யோணும்னா ஞாயித்துக்கெழம செய்யி, வேண்டாங்கல."

பணிக்கு அழைக்கப்பட்டவன் திரும்பி வந்தால் பழைய வேலையைக் கொடுத்தாக வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் பிராந்திய ராணுவச் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டத்தை மண்டி முதலாளி முன்னால் நின்று வாசித்துக்காட்டும் துணிச்சல் ஒரு கணக்குப்பிள்ளைக்கு இருந்தால், அவருக்குத் தேர்வு எதற்கு? நேராகப் பரம்வீர் சக்கரத்தையே குத்திவிடலாம்.

துணிந்து போனாலும் வழி நீளம். எழுத்துத் தேர்வு. பிறகு முதற்கட்ட நேர்காணல். அதற்கு மேல் எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியத்தின் ஐந்து நாள் சல்லடை. மார்பில் ஓர் எண்ணைக் கட்டிவிடுவார்கள், பெயர் போய்விடும். 60 சொற்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனத்தில் பட்டதை எழுத வேண்டும். வெற்றுத் தாளைக் காட்டியும் கதை எழுதச் சொல்வார்கள். அதிலும் தேறினால் மருத்துவப் பரிசோதனை. தப்பில்லை. பிறர் உயிரை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது சல்லடைக் கண் சின்னதாகத்தான் இருக்க வேண்டும். என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்தச் சல்லடை ஏன் ஆள் பார்த்துச் சலிக்கிறது?

கபில்தேவ் 2008-இல் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். தோனிக்கு 2011-இல் அதே பதவி. இடையில் 2009-இல் மோகன்லால். அவர் 'கீர்த்தி சக்ரா', 'குருக்ஷேத்ரா' படங்களில் மேஜர் மகாதேவனாக வந்தவர். திரையில் மேஜர், தரையில் பதவி உயர்வு! நிரந்தரப் படையில் ஓர் அதிகாரி வெயிலிலும் பனியிலும் கிடந்து அந்தப் பதவியை எட்ட 13 ஆண்டுகள். குற்றம், வாங்கியவர்கள் மேல் இல்லை. தோனி ஆக்ராவில் பாராசூட்டோடு குதித்தார், 2019-இல் காஷ்மீரில் இரண்டு வாரம் காவலும் நின்றார். கொடுக்கிற கையைத்தான் கேட்கிறேன். தோளில் ஏறும் நட்சத்திரம் என்ன, பொன்னாடையா?

மறுகோடியில் அக்னிபத். 2022-இல் வந்தது. பதினேழரை வயதில் எடுத்து, நான்கு ஆண்டு வேலை வாங்கி, நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொண்டு மீதியை வீட்டுக்கு அனுப்பும் திட்டம். ஓய்வூதியம் கிடையாது. ஆக, புகழ் உள்ளவனுக்கு ஒரே மாலையில் தைத்துக் கொடுக்கும் சீருடை. வருமானம் உள்ளவனுக்கு ஆண்டில் இரண்டு மாதச் சீருடை. ஒன்றும் இல்லாதவனுக்கு நான்கு ஆண்டு வாடகைச் சீருடை. நாட்டின் மேல் யாருக்கு எவ்வளவு அன்பு என்று இங்கே எவனும் அளப்பதில்லை. ஏற்கெனவே உன்னிடம் என்ன இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறார்கள்.

முழுநேர அதிகாரியாகவே போகலாம் என்று அகாடமியில் சேர்ந்து, பயிற்சியில் முதுகெலும்போ கழுத்தோ முறிந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பயிற்சி முடியவில்லை, அதனால் அதிகாரி இல்லை. அதிகாரி இல்லை, அதனால் 'முன்னாள் படைவீரர்' என்ற பெயரும் இல்லை. படுக்கையில் கிடக்கும் மகனைப் புரட்டிப் போடும் தாய்க்கு இந்த இலக்கணம் புரியவில்லை. இவர்கள் கதி என்ன என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டது. சைரன் ஊதிய சேனல்கள் இவர்களுக்காக எத்தனை இரவு ஊதின?

தரைப்படையில் 8,000-க்கும் மேல் அதிகாரிகள் குறைவு என்று 2023-இல் நாடாளுமன்றத்தில் சொன்னதும் இதே அரசுதான். 1949 அக்டோபர் 9-ஆம் தேதி பிராந்திய ராணுவத்தைத் தொடங்கிவைத்தவர் நம்மூர் ராஜாஜி. கதர் வேட்டிக்காரர் ஒருவர் குடிமக்கள் படையைத் தொடங்கிவைத்தார். குடிமகன்தான் இன்னும் சான்றிதழுக்கு அலைகிறான்.

ஜூன் 10-ஆம் தேதி விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்று சாயங்காலம் மண்டிக்குப் போனேன். முதலாளி தலைக்கு மேல் தொலைக்காட்சி. 'நாட்டுக்காகக் கிளம்பும் இளைஞர்கள் எங்கே?' என்று ஒருவர் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் ஒரு வாரம் உட்டிருந்தா லாகூர் நம்முளுதுங்க," என்றார் என்னிடம்.

பிறகு நண்பர் பக்கம் திரும்பி, "அந்த நேத்து வரத்து என்னாச்சுப்பா?" என்றார்.

நண்பர் பேரேட்டைப் புரட்டி, மூட்டைக் கணக்கைச் சொன்னார்.